ஒரு பக்கம் மட்டும்

ஜூ சியாட்டில் எல்லாரும்
முகப்பைத்தான் படம் பிடிக்கிறார்கள்.
பூப்போட்ட ஓடு, பச்சைச் சன்னல்,
முன்னால் வேர்த்து நிற்கும் கல்யாண ஜோடி.
நாங்கள் உள்ளே.
இரண்டு கடைவீடுகள் தோள் சாய்த்திருக்கும்
பொதுச்சுவரில்
எங்கள் பக்கத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கிறோம்.

சிமெண்டுப் பூச்சு பாளம் பாளமாக விழுகிறது.
யாரோ ஒருவர் சுவருக்கு நல்லது என்று
நம்பிப் பூசியது.
மூச்சு முட்டி
உள்ளேயே உப்புப் பூத்துக் கிடக்கிறது செங்கல்.
விரலில் ஒட்டுகிறது, மிளகாய்த்தூள் மாதிரி.

அந்தப் பக்கம் நாய்களுக்கு முடி வெட்டும் கடை.
திரு. குவெக் என் மூன்று கடிதங்களுக்கும்
ஒரே பதில் அனுப்பினார்:
எண்பத்தொன்பது வருடமாக நிற்கிற சுவர்.
பொய்யில்லை.
நிற்கிற எதைப் பற்றியும்
விழுவதற்கு முந்தின நாள்வரை
அப்படிச் சொல்லலாம்.

சணல் வலையை விரித்ததும்
எங்கள் பக்கத்து ரொஸ்னா, ரொட்டிக்கடைக்காரி,
மாவுக் கையோடு வந்து பார்த்தார்.
"இது கூனிதானே?"
கோணிக்கு மலாயிலும் கிட்டத்தட்ட அதே பெயர்.
கோணிப்பைக்கா இத்தனை ஆயிரம் வெள்ளி?

சொன்னேன்.
இரும்பு துருப்பிடித்து, வீங்கி, சுவரைப் பிளக்கும்.
கார்பன் வலை முரடு, விடாப்பிடி.
சுவரைவிட மிகப் பலமானதைச்
சுவரோடு ஒட்டினால்
தோற்பது சுவர்தான்.
இது கொஞ்சம் நீளும், கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.
அவர் வலையைத் திருப்பிப் பார்த்தார்.
"என் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்" என்றார்.

முதலில் மூலையில் ஒரு முழம் மட்டும்
பூசிப் பார்த்தோம்.
சுவரை நனைத்து, சுண்ணாம்புச் சாந்து,
அது இறுகுமுன் வலை,
வலை கண்ணில் படாமல் போகிறவரை மறுபடி சாந்து.
இருபத்தெட்டு நாள்.
பிறகு இரும்பு வில்லையை ஒட்டி
ஷொஹிதுல் கைப்பிடியைச் சுற்ற,
முள் நகர,
டப்.

"போச்சு மேடம்."
வில்லையைத் திருப்பினேன்.
சாந்தின் முதுகில் செங்கலின் சிவப்புத் தோல்.
ஒட்டு விடவில்லை,
செங்கல்தான் பிய்ந்து வந்திருக்கிறது.
"போகலை, இதுதான் பாஸ்."
அவன் என்னை நம்பவில்லை.
உடைந்ததைக் காட்டிச் சிரிக்கிற பொறியாளரை
அவன் இதற்குமுன் பார்த்ததில்லை போல.

அப்புறம் முழுச்சுவர்.
வலை பிடித்து நிற்க
முறுக்கிய சணல் கயிற்றைத் துளைகளில் செருக வேண்டும்.
மறுபக்கம்வரை போனால் நல்லது.
வக்கீல் சொன்னார்: நடுக்கோட்டைத் தாண்டாதே.
நடுக்கோடு
ஒரு செங்கலின் வயிற்றில் ஓடுகிறது.
பாதி ரொஸ்னாவுடையது, பாதி குவெக்குடையது.
துளைக்கருவியில் சிவப்பு டேப் சுற்றி
அங்கே நிறுத்தினோம்.
அதிர்வு நிற்கவில்லை.

மறுநாள் காலை
குவெக் நேரிலேயே வந்துவிட்டார்,
கைப்பேசியை நீட்டிக்கொண்டு.
மேசைமேல் வெள்ளைப் பூடில் ஒன்று,
தலையிலிருந்து வால்வரை செங்கல்பொடி.
"இரண்டு தடவை குளிப்பாட்டினேன். யார் காசு கொடுப்பது?"

வாங்கி, இரண்டு விரலால் விரித்தேன்.
நாயை அல்ல.
நாய்க்குப் பின்னால்,
நாள்காட்டிக்குக் கீழே,
படிப்படியாக இறங்கி
அலமாரிக்குப் பின்னால் மறைகிற விரிசலை.
பதினோரு மாதமாக
எந்தக் கடிதமும் எனக்குக் காட்டாத
என் சுவரின் அடுத்த முகம்.
நாள்காட்டி ஆணி இரண்டு மில்லி இருக்குமென்றால்
அது ஐந்தாவது இருக்கும்.

"இந்தப் படத்தை அனுப்புவீர்களா?"
"அப்படியென்றால் தப்பை ஒத்துக்கொள்கிறாய்?"
"ஒத்துக்கொள்கிறேன்" என்றேன்,
என் எண்ணைச் சொன்னேன்.
அவர் ஒவ்வொரு இலக்கமாக அழுத்துகிறார்.
பின்னால் ஷொஹிதுல்
வாளியில் சாந்தைக் கிளறிக்கொண்டே இருக்கிறான்,
இறுகிவிடாமல்.